பெண் எலியின் சினைப்பருவச் சுழற்சி: சினைப்பை ஹார்மோன்களின் ஆட்சி

முன்னுரை

பொருளுக்கேற்ற சொல்லைத் தெரிந்து வழங்குதல் தமிழின் தொன்மரபாகும். விலங்குகளின் இளமைப் பெயர்களையும், ஆண்பால், பெண்பால் பெயர்களையும் வரையறுக்கும் தொல்காப்பிய மரபியல், சிற்றுயிராகிய எலியையும் விட்டுவிடவில்லை. மூங்கா, வெருகு, அணில் ஆகியவற்றோடு எலியின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று அது விதிக்கின்றது. ஓருயிருக்குரிய சொல்லை மற்றோருயிருக்கு ஏற்றிக் கூறினால் பொருள் திரியும் என்பதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இம்மரபை அறிந்த ஒருவரே அதில் வழுவியதும் உண்டு. தமிழ்வழி மாணாக்கர்க்கென எழுதப்பட்ட விலங்கியல் குறிப்பொன்றை மொழிநடைக்காகப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு ஒருமுறை இக்கட்டுரையாளரிடம் வந்தது. அதில் 'எலியின் மாதவிடாய்ச் சுழற்சி' என்றொரு தொடர் இருந்தது. சந்திப் பிழை இல்லை என்று கண்டு, அதனை அப்படியே விட்டாயிற்று. பின்னர் அதனைப் படித்த விலங்கியல் பேராசிரியர் ஒருவர், "ஐயா, எலிக்கு மாதமும் இல்லை, விடாயும் இல்லையே!" என்றார். ஒற்றெழுத்தைக் காத்து உண்மையைக் கைவிட்ட அப்பிழையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பெண் எலியின் உடலில் நான்கு நாள்களுக்கு ஒருமுறை நிகழும் மாற்றங்களைச் சினைப்பை ஹார்மோன்கள் எவ்வாறு ஆளுகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

பெயரும் பொருளும்

மாந்த இனப் பெண்டிர்க்குக் கருப்பையின் உட்படலம் திங்கள்தோறும் தடித்து வளர்கின்றது. கரு தங்காதபோது அப்படலம் சிதைந்து குருதியுடன் வெளியேறுகின்றது. இதுவே மாதவிடாய். கண்ணுக்குப் புலனாகும் அந்நாளை முதல் நாளாகக் கொண்டே மக்கள் கணக்கிட்டு வந்துள்ளனர். பூப்புக்குப் பின்வரும் பன்னிரண்டு நாள்கள் தலைவன் பிரிந்திருத்தல் ஆகாது எனத் தொல்காப்பியக் கற்பியல் கூறுவதும் இக்கணக்கின்பாற்பட்டதே.

எலியிடத்து இந்நிகழ்ச்சி இல்லை. கரு தங்காத காலத்தும் அதன் கருப்பைப் படலம் குருதியாகச் சிதைந்து வெளியேறுவதில்லை. அதன் சுழற்சிக்கு அடையாளமாவது, ஆணை ஏற்கும் குறுகிய காலமாகிய சினைப்பருவமே. ஆங்கிலேயர் வழங்கும் 'ஈஸ்ட்ரஸ்' என்னும் சொல், மாட்டைக் கடித்து வெருட்டும் ஒருவகை ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. கடிபட்ட மாடு நிலைகொள்ளாது ஓடுவதைப் போன்ற கிளர்ச்சி என்பது அதன் உட்பொருள். 'மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது' என்று நம் சிற்றூர் உழவர் கூறுவதும் இந்நிலையைத்தான். பசுவுக்கு ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை வருவது, எலிக்கு 4 அல்லது 5 நாள்களுக்கு ஒருமுறை வருகின்றது. ஆதலின் இதனைச் 'சினைப்பருவச் சுழற்சி' என்பதே பொருத்தமுடையது.

கொறிக்கும் விலங்குகளுள் ஒரு விதிவிலக்கு உண்டு. முள்மயிர் கொண்ட ஒருவகைச் சுண்டெலிக்கு மாதவிடாயை ஒத்த குருதிப்போக்கு உள்ளது என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017 இல் கண்டறிந்தனர். அக்கண்டுபிடிப்பு வியப்பளித்ததற்குக் காரணம், ஏனைய எலி இனங்களில் அது காணப்படாமையே.

கண்ணாடித் தகட்டில் தெரியும் நான்கு நிலைகள்

வெளியே அடையாளம் தோன்றாத உயிரிடத்து, உள்ளே நிகழ்வதை எவ்வாறு அறிவது? 1917 இல் ஸ்டாக்கார்டு, பாபநிக்கொலாவ் என்னும் இருவர் நியூயார்க்கில் கினிப் பன்றிகளைக் கொண்டு இதற்கு வழி கண்டனர். யோனிக்குழாயின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்களைச் சிறிதளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். சினைப்பையின் நிலைக்கேற்ப அச்செல்களின் வடிவம் மாறுவது தெரிந்தது. விலங்கைக் கொல்லாமல், நாள்தோறும் அதன் உள்நிலையைப் படித்தறியும் வாயில் திறந்தது. இம்முறையை எலியிடத்துக் கையாண்டு, அதன் சுழற்சியை முழுமையாக விளக்கிய பெருநூலைக் கலிபோர்னியாவில் லாங், எவன்ஸ் ஆகிய இருவரும் 1922 இல் வெளியிட்டனர்.

அவர்கள் வழிநின்று நோக்கினால், சுழற்சியில் நான்கு நிலைகள் புலனாகும்.

முதலாவது புரோஈஸ்ட்ரஸ் எனப்படும் சினைமுன் நிலை. ஏறத்தாழ அரைநாள் நீடிக்கும். தகட்டில் உட்கருவுடன் கூடிய உருண்டைச் செல்கள் கூட்டம் கூட்டமாகக் காணப்படும்.

இரண்டாவது ஈஸ்ட்ரஸ் எனப்படும் சினை நிலை. ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும். உட்கரு மறைந்து, கெராட்டின் ஏறிக் காய்ந்த செதில் போன்ற செல்களே தகட்டை நிறைக்கும்.

மூன்றாவது மெட்டீஸ்ட்ரஸ் எனப்படும் சினைப்பின் நிலை. சில மணி நேரமே நீடிக்கும். செதில் செல்களும் வெள்ளணுக்களும் கலந்து தோன்றும்.

நான்காவது டையீஸ்ட்ரஸ் எனப்படும் இடைநிலை. இரண்டு நாள்களுக்குச் சற்று மேலாக நீடிக்கும். வெள்ளணுக்களே மிகுந்திருக்கும்.

இம்முறையின் பயன் எலியோடு நின்றுவிடவில்லை. பாபநிக்கொலாவ் இதனை மகளிரிடத்தும் கையாண்டபோது, உதிர்ந்த செல்களுக்கிடையே புற்றுநோய்ச் செல்களைக் கண்டார். ட்ராட் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1943 இல் அவர் வெளியிட்ட நூல், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் 'பாப்' சோதனைக்கு அடித்தளமாயிற்று. ஒரு சிற்றுயிரின் பருவத்தைக் கணிக்கத் தோன்றிய முறை, எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காக்கும் முறையாக வளர்ந்தது.

சினைப்பை சுரக்கும் இரு பொருள்கள்

செல்களை நாள்தோறும் மாற்றுவது எது? சினைப்பைகளை நீக்கிவிட்டால் எலியின் சுழற்சி அடியோடு நின்றுவிடுகின்றது. ஆகவே மாற்றத்தின் ஊற்று அங்குள்ளது என்பது தெளிவு. 1923 இல் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலன், எட்வர்டு டாய்சி ஆகியோர் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். பன்றியின் சினைப்பையில் முட்டையைச் சூழ்ந்துள்ள நுண்பைகளிலிருந்து நீரை எடுத்து, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஊசி வழியே செலுத்தினர். சினைப்பை இல்லாத அவற்றின் உடலில் சினை நிலைக்குரிய செதில் செல்கள் தோன்றின. உறுப்பு இல்லாதபோதும் அது சுரக்கும் பொருள் தனியே வினையாற்ற வல்லது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அப்பொருளே ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன். அவ்வகையுள் ஒன்றாகிய ஈஸ்ட்ரோன் 1929 இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. எலியின் சுழற்சியில் தலைமை வகிப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஈஸ்ட்ரடயால் ஆகும்.

முட்டை வெளியேறிய பின் வெறுமையாகும் நுண்பை, மஞ்சள் உடலம் என்னும் சுரப்பியாக மாறுகின்றது. இது சுரக்கும் பொருள் கருப்பையைக் கரு தங்குவதற்கு ஏற்றதாக்குகின்றது என்பதைக் கார்னர், வில்லர்டு ஆலன் ஆகியோர் 1929 இல் முயல்களைக் கொண்டு நிறுவினர். அப்பொருளே புரோஜெஸ்டிரோன். எலியிடத்து இது மஞ்சள் உடலத்திலிருந்து மட்டுமன்றி, முட்டை வெளியேறுதற்கு முன்னரே, முதிர்ந்த நுண்பைகளிலிருந்தும் சுரக்கின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அடக்குவதும் தூண்டுவதும்

சினைப்பை தன்னிச்சையாக இயங்குவதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் இரு ஹார்மோன்களை அனுப்புகின்றது. முன்னது நுண்பைகளை வளர்க்கும். பின்னது முதிர்ந்த நுண்பையை வெடிக்கச் செய்து முட்டையை வெளியேற்றும். பிட்யூட்டரியை ஏவுவது அதற்கு மேலுள்ள ஹைப்போதாலமஸ். அது விடுக்கும் ஜி.என்.ஆர்.எச். என்னும் தூதுப்பொருள், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியே பிட்யூட்டரியை அடைகின்றது. பத்து அமினோ அமிலங்களாலான அத்தூதுப்பொருளின் அமைப்பை 1971 இல் வெளிப்படுத்திய போட்டி ஆய்வுக் குழுக்களின் தலைவர்களான ஷாலி, கில்லெமின் ஆகியோர் 1977 இல் நோபல் பரிசு பெற்றனர்.

மேலிருந்து கீழ்நோக்கி ஆணை செல்வது போலவே, கீழிருந்து மேல்நோக்கியும் செய்தி செல்கின்றது. 1932 இல் மூர், பிரைஸ் ஆகியோர் எலிகளைக் கொண்டு இதனை விளக்கினர். சினைப்பை ஹார்மோன் மிகுந்தால் பிட்யூட்டரியின் சுரப்பு குறையும். ஹார்மோன் குறைந்தால் சுரப்பு மிகும். இதனை எதிர்மறைப் பின்னூட்டம் என்பர். சினைப்பை நீக்கப்பட்ட எலியின் குருதியில் எஃப்.எஸ்.எச்.சும் எல்.எச்.சும் பெருகுவதும், ஈஸ்ட்ரடயாலைச் சிறிதளவு செலுத்தியதும் எல்.எச். தணிவதும் இதற்குச் சான்றாகும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஈஸ்ட்ரடயால் அடக்கும் பொருளாயின், அது உச்சத்தை எட்டும்போது எல்.எச். மிகக் குறைந்திருக்க வேண்டுமன்றோ? நடப்பதோ நேர்மாறானது. இடைநிலையின் பிற்பகுதியிலிருந்து ஏறத் தொடங்கும் ஈஸ்ட்ரடயால், சினைமுன் நாளின் நண்பகலையொட்டி உச்சத்தை எட்டுகின்றது. அன்று பிற்பகல் எல்.எச். வெள்ளம்போற் பெருகுகின்றது. அடக்கிய பொருளே தூண்டும் பொருளாகவும் ஆகின்றது. இது நேர்மறைப் பின்னூட்டம்.

ஒரு பொருளுக்கு இரு முரண்பட்ட செயல்கள் எங்ஙனம் அமைந்தன என்பது நெடுநாள் விளங்காமல் இருந்தது. கிஸ்பெப்டின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் பற்றி 2003 க்குப் பின் நிகழ்ந்த ஆய்வுகள் விடை தந்தன. ஹைப்போதாலமசில் இத்தகைய செல்கள் இரண்டு இடங்களில் உள்ளன. ஓரிடத்துச் செல்களை ஈஸ்ட்ரடயால் அடக்குகின்றது. மற்றோரிடத்துச் செல்களை எழுப்புகின்றது. பெருக்குக்குக் காரணமாகும் இரண்டாம் தொகுதி பெண் எலியிடத்து மிகுதி. ஆண் எலியிடத்து மிகக் குறைவு. முரண்பாடு ஹார்மோனில் இல்லை. அதனைக் கேட்கும் செவிகள் வேறுவேறு என்பதே உண்மை.

நாளைச் சொல்வது சினைப்பை. நேரத்தைச் சொல்வது மூளை

இச்சுழற்சியின் உயிர்நிலையான செய்தி இனிமேல் வருவதேயாகும். டியூக் பல்கலைக்கழகத்தில் எவரெட், சாயர் ஆகியோர் 1950 இல் வெளியிட்ட ஆய்வு ஒளியூட்டியது. நாளொன்றுக்கு 14 மணி நேரம் விளக்கொளியில் வாழ்ந்த எலிகளுக்கு, சினைமுன் நாளன்று ஒரு மயக்க மருந்தைச் செலுத்தினர். பிற்பகல் 2 மணிக்கு முன் செலுத்தினால், அன்றிரவு வெளியேற வேண்டிய முட்டைகள் வெளியேறவில்லை. 4 மணிக்குப் பின் செலுத்தினால் யாதொரு தடையும் இல்லை. ஆகவே மூளை தன் ஆணையை விடுப்பது அந்த இரண்டு மணி நேரத்திற்குள்தான்.

தடைப்பட்ட முட்டைகள் சில மணி நேரம் கழித்து வெளியேறினவா எனில், இல்லை. சரியாக ஒரு நாள் தள்ளி, மறுநாள் இரவு அதே பொழுதில்தான் வெளியேறின. மறுநாளும் மருந்தைச் செலுத்தினால் மேலும் ஒரு நாள் தள்ளிற்று. தொடர்வண்டியைத் தவறவிட்டவர் அடுத்த நாள் அதே வண்டி வரும்வரை காத்திருப்பது போன்ற நிலை இது. மூளையில் ஒரு கடிகாரம் இருக்கின்றது என்பது இதனால் தெரிந்தது.

அக்கடிகாரம் நான்கு நாள்களுக்கு ஒருமுறை அடிப்பதா, நாள்தோறும் அடிப்பதா? 1975 இல் லீகன், கார்ஷ் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். சினைப்பை நீக்கப்பட்ட எலிகளின் தோலுக்கடியில் ஈஸ்ட்ரடயால் கசியும் சிறு குழலைப் பொருத்தினர். குருதியில் அதன் அளவு குறையாது உயர்ந்தே நின்றது. அப்போது எல்.எச். பெருக்கு ஒரு நாளோடு நிற்கவில்லை; அடுத்தடுத்த நாள்களிலும் பிற்பகல்தோறும் நிகழ்ந்தது.

இதன் பொருள் எண்ணி மகிழத்தக்கது. மணி நாள்தோறும் அடிக்கின்றது. ஆனால் ஈஸ்ட்ரடயால் போதிய அளவு உயர்ந்துள்ள நாளில் மட்டுமே அம்மணியோசை செவியில் ஏறுகின்றது. நுண்பைகள் முதிர்ந்துவிட்டன என்னும் செய்தியைச் சினைப்பை ஈஸ்ட்ரடயால் வழியே அனுப்புகின்றது. 'இன்று' என்று சொல்வது சினைப்பை. 'இப்பொழுது' என்று சொல்வது மூளை. இரண்டும் ஒன்றுபட்டால்தான் முட்டை வெளியேறும்.

அவ்வாறாயின் மறுநாள் பிற்பகலும் பெருக்கு நிகழாமல் தடுப்பது எது? எல்.எச். பெருகியவுடன் முதிர்ந்த நுண்பைகள் புரோஜெஸ்டிரோனை மிகுதியாகச் சுரக்கின்றன. அது மறுநாள் மணியோசையை அணைத்துவிடுகின்றது என்பதை ஃப்ரீமனும் அவருடன் ஆய்ந்தோரும் 1976 இல் காட்டினர். ஈஸ்ட்ரடயாலும் அன்றிரவே வீழ்ந்துவிடுகின்றது. திறந்த கதவைத் திறந்த பொருளே விலகிக்கொள்ள, மற்றொன்று வந்து தாழிடுகின்றது.

புரோஜெஸ்டிரோனுக்கு வேறொரு பணியும் உண்டு. ஈஸ்ட்ரடயால் முன்னரே பதப்படுத்திய மூளையில், புரோஜெஸ்டிரோன் பின்வந்து சேரும்போதுதான் பெண் எலி ஆணை முழுமையாக ஏற்கின்றது. அது நிகழ்வது சினைமுன் நாளின் மாலையும் இரவும். முட்டைகள் வெளியேறுவது நள்ளிரவுக்குப் பின். கூடும் வேட்கையும் முட்டையின் வரவும் ஒரே இரவில் பொருந்துமாறு அமைந்திருப்பது தற்செயலன்று. இரண்டையும் ஆள்வன அவ்விரு ஹார்மோன்களே.

சுழற்சி குறுகியிருப்பதன் காரணம்

மகளிரிடத்து மஞ்சள் உடலம் கரு தங்காவிடினும் ஏறத்தாழ இரு வாரம் வினையாற்றும். அதனாலேயே சுழற்சி ஒரு திங்கள் அளவு நீள்கின்றது. எலியின் மஞ்சள் உடலமோ, புணர்ச்சி நிகழாவிடின் இரண்டொரு நாளில் வலுவிழந்துவிடும். காத்திருக்கும் காலம் இல்லாமையால், அடுத்த நுண்பைத் தொகுதி உடனே வளரத் தொடங்குகின்றது. நான்கு நாளில் சுழற்சி முடிவது இதனாலேயே.

புணர்ச்சி நிகழ்ந்தால் கருப்பை வாயில் ஏற்படும் தூண்டுதல் நரம்பு வழியே மூளையை எட்டுகின்றது. அப்போது பிட்யூட்டரி, புரோலாக்டின் என்னும் ஹார்மோனை நாளுக்கு இருமுறை மிகுதியாகச் சுரந்து மஞ்சள் உடலத்தைக் காக்கின்றது. கரு தங்கினால் 21 முதல் 23 நாள்களில் குட்டிகள் பிறக்கும். கரு தங்காவிடினும் ஏறத்தாழ 12 முதல் 14 நாள்கள் சுழற்சி நின்றிருக்கும். இதனைப் பொய்ச்சினை என்பர்.

எலியிற் கண்டதை மாந்தரிடத்து அப்படியே ஏற்றிக் கூறலாகாது என்பதற்கு இவ்வேறுபாடு தக்க சான்று. மகளிரிடத்தும் ஈஸ்ட்ரடயால் முதலில் அடக்கிப் பின்னர்த் தூண்டுகின்றது. அது பொது. ஆனால் பிற்பகல் மணியோசைக்கு எலி கட்டுப்பட்டிருப்பது போன்ற இறுக்கம் மகளிரிடத்து இல்லை. அது சிறப்பு. பொதுவையும் சிறப்பையும் பிரித்தறிவதே ஆய்வின் முதற்படி.

பெண் எலி ஒதுக்கப்பட்ட கதை

இத்துணை ஒழுங்குடைய சுழற்சியே பெண் எலிக்கு எதிரான வழக்காகவும் ஆக்கப்பட்டது. 'பெண் எலி நான்கு நாளில் நான்கு நிலை அடைகின்றது. அதனைக் கொண்டு செய்யும் சோதனையின் முடிவு நிலையாக இராது' என்று கருதி, மருந்தியல், நரம்பியல் ஆய்வாளர் பலர் ஆண் எலிகளையே பயன்படுத்தி வந்தனர். 2009 ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து நோக்கிய பீரி, சக்கர் ஆகியோர், நரம்பியல் துறையில் ஆண் விலங்கை மட்டும் கொண்ட ஆய்வுகள், பெண் விலங்கை மட்டும் கொண்டவற்றைப் போல் ஐந்தரை மடங்கு இருந்தமையைக் காட்டினர்.

அக்கருத்து உண்மைதானா என்று பலர் சோதித்துப் பார்க்கவே இல்லை. 2016 இல் நரம்பியல் ஆய்வுகளின் தரவுகளை ஒருங்கே ஆய்ந்தபோது, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளினும் மிகுதியாக வேறுபடவில்லை என்பது வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம், தன்னிடம் நிதி கேட்கும் விலங்கு ஆய்வுகள் இருபாலையும் கருத்திற் கொள்ள வேண்டும் எனும் நெறியைக் கொணர்ந்தது.

பால் வேறுபாட்டைக் கருதாமை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு மருத்துவத்திலேயே சான்றுண்டு. சோல்பிடெம் என்னும் உறக்க மருந்தின் அளவை, அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்த பின், 2013 இல், மகளிர்க்கு மட்டும் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. மகளிரின் உடலிலிருந்து அம்மருந்து மெல்லவே நீங்குகின்றது என்பதே காரணம். இரவில் மருந்துண்டவர் காலையில் ஊர்தி ஓட்டும்போதும் அதன் மயக்கம் முற்றும் தெளியாதிருந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், எலியின் சினைப்பருவச் சுழற்சி மூளை ஒன்றே ஆளும் ஆட்சியன்று. சினைப்பையும் மூளையும் ஒன்றையொன்று கேட்டு நடத்தும் ஆட்சி என்பது தெளிவாகும். ஈஸ்ட்ரடயால் அடக்கியும் தூண்டியும் நாளைக் குறிக்கின்றது. மூளையின் கடிகாரம் நேரத்தைக் குறிக்கின்றது. புரோஜெஸ்டிரோன் கதவை அடைத்து அடுத்த சுற்றுக்கு வழிவிடுகின்றது.

'எலியின் மாதவிடாய்' என்று எழுதியிருந்தால், இதனைப் படிக்கும் மாணாக்கர் இல்லாத குருதியைத் தேடியிருப்பர். இருக்கின்ற இவ்வொழுங்கைக் கண்டிரார். 'பெண் எலி நிலையற்றது' என்று எழுதியோரும் அவ்வாறே இல்லாத குழப்பத்தைக் கண்டு, இருந்த ஒழுங்கை விட்டனர். இரண்டும் ஆராயாது வழங்கிய சொல்லால் விளைந்த தீங்கு.

மாணவச் செல்வங்களே! இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்தால் தலை குனிந்து பக்கத்தைப் புரட்டும் வழக்கம் வகுப்பறையில் இன்றும் உண்டு. நாணம் நற்பண்புதான். அறியாமை நாணத்தின் போர்வையில் மறைந்துகொள்ள இடம் தருதல் நன்றன்று. தமிழ் பயில்வோர் சொல்லைச் செம்மை செய்க. அறிவியல் பயில்வோர் பொருளைச் செம்மை செய்க. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பாடநூலைத் திருத்தும் நாள், நம் கல்லூரிக்குப் பெருமை சேர்க்கும் நாளாக அமையும்.